உசிலை மரத்துச் சாமி

நான் காட்டில் வாச்சர் வேலை பார்த்தவன். ஆண்டிமடத்துக்கு மேற்கே செம்மண் காடு. காரையும் சூரையும் உசிலையுமாகப் புதர் மண்டிக் கிடக்கும். எழுபதுகளின் கடைசியில் அதை அழித்துத் தைல மரம் வைக்க உத்தரவு வந்தது. அரசாங்கத்துக் காடு. அரசாங்கம் சொன்னால் வெட்ட வேண்டியதுதான். எனக்கு அதில் வருத்தம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

ஓரத்தில் நின்ற ஒரு உசிலை மட்டும் வேறு. எங்கள் பிள்ளையை அதன் அடியில்தான் புதைத்தோம். பெயர் வைக்கும் முன்பே போய்விட்டது. பச்சைப் பிள்ளைக்கு எங்கள் பக்கம் கல் நடுவதில்லை, படைப்பதும் இல்லை. மரம்தான் அடையாளம். அப்புறம் எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. விறகுக்குப் போகும்போது என் மனைவி அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவாள். அவள் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

வெட்டு ஆட்கள் வந்து கொட்டகை போட்ட அன்று, சோறு போடும்போது சொன்னாள்.

"அந்த ஒண்ண மட்டும் உட்டுடச் சொல்லுங்க."

"சொல்ற எடத்துல நான் இல்ல."

"ரேஞ்சர் சாரக் கேட்டா?"

"ஒண்ண உட்டா வரிசை கோணிடும்பாரு."

அவள் குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வெட்டு அந்தப் பக்கம் வந்த காலையில் மரத்தைச் சுற்றி மஞ்சள் துணி கட்டியிருந்தது. அடியில் மூன்று செங்கல், மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து. துணி அவளுடைய பழைய புடவைக் கிழிசல். பார்த்ததும் எனக்குத் தெரிந்தது. வெட்டு ஆட்களின் மேஸ்திரி கோடரியைக் கீழே வைத்துவிட்டார்.

ரேஞ்சர் வந்தார். "போன வாரம் இங்க சாமி இல்லையேய்யா?"

"சாமி என்ன, சொல்லிட்டா சார் வரும்?" என்றார் மேஸ்திரி. "மொத வெட்டு நீங்க போடுங்க. அப்புறம் நாங்க பாத்துக்கறோம்."

ரேஞ்சர் கோடரியைப் பார்த்தார். என் பக்கம் திரும்பினார். "என்ன சாமிய்யா இது?"

"பேரு இல்லீங்க சார்."

"சரி. உட்டுட்டுப் போங்க."

வேலையில் இருந்த காலமெல்லாம் காவல் காத்தேன். முள்வேலி போட்டோம், அரிவாளைப் பிடுங்கினோம். ஆனாலும் விறகு போய்க்கொண்டுதான் இருந்தது. ஒரு கிழிசல் துணி காத்த மாதிரி நான் எதையும் காத்ததில்லை. தலைக்குத் தேய்க்க அந்த மரத்தில் இலை உருவிக்கொண்டிருந்த பெண்கள்கூட அதோடு நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் மரத்தைக் காத்தால் மரம் மட்டும் நிற்கும் என்று நினைத்துவிட்டோம்.

வெட்டு முடிந்து போகும்போது மேஸ்திரியே ஒரு தேங்காய் உடைத்தார். அப்புறம் யாருக்கோ மாடு பிழைத்தது என்றார்கள். ஒருத்தி பிள்ளை வேண்டித் தொட்டில் கட்டினாள். அவளுக்குப் பிள்ளை பிறந்தது. அதிலிருந்து வெள்ளிக்கிழமை கூட்டம் வந்தது. சேவல் அறுத்தார்கள். ரத்தம் விழுந்த மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். நிறுத்தச் சொன்னால் காரணம் சொல்ல வேண்டும்.

என் மனைவி அங்கே நிற்பதை விட்டுவிட்டாள். விறகுக்கு வேறு தடத்தில் போனாள்.

சில வருசம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, "போயிட்டு வரலாம்" என்றாள். போனோம். வரிசையில் நின்றோம். முன்னால் நின்ற பெண் திரும்பி அவளைப் பார்த்தாள்.

"புள்ளைக்காவ வந்தீங்களாக்கா?"

"ம்."

"துணி கொண்டாரலியா? இந்தாங்க, எங்கிட்ட மிச்சம் கெடக்கு. கட்டுங்க. இந்தச் சாமி யாரையும் வெறுங்கையோட அனுப்பாது."

அவள் வாங்கிக்கொண்டாள். தொட்டிலுக்குள் ஒரு கல் போட வேண்டும், அது வழக்கம். குனிந்து மரத்தடியிலேயே ஒரு கல் எடுத்தாள். மண்ணைத் துடைத்தாள். துணியில் வைத்துத் தாழ்ந்த கிளையில் கட்டினாள். ஒரு தடவை ஆட்டிவிட்டாள். பின்னால் இருந்தவர்கள் நகரச் சொன்னார்கள். நகர்ந்தோம்.

தைல மரங்களுக்குள் நடந்து திரும்பினோம். வரிசை கோணாமல் இருந்தது. நிழல் இல்லை.