குமிழ் பார்க்கிற வேலை

தொட்டியடியில் அன்று நாலு பேர் நின்றோம்.

ஒருவர் நானா. ஃபோர்மன். கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம் மனிதர். நானா என்றால் அண்ணன்; எல்லோருக்கும் அவர் நானாதான். முதலாளியும் அப்படித்தான் கூப்பிட்டார்.

அடுத்தது அக்கே. சிங்களவர். கொலன்னாவையிலிருந்து பஸ்ஸில் வருவார். டின்களைக் கூடையில் அடுக்குவது அவர் வேலை. எனக்கு அவர் அக்கே, அவருக்கு நான் மல்லி; சிங்களத்தில் அக்காவும் தம்பியும்.

மூன்றாவது, டின்களை எங்களிடம் வாங்குகிற கம்பனியின் ஆள். வெள்ளவத்தைத் தமிழர். டை கட்டியிருந்தார். எங்களுக்கு அவர் சேர்.

நாலாவது நான்.

கடிக்கிற நுளம்பைக் கொல்லும் ஸ்ப்ரே நிரப்புகிற இடம் அது. மருந்தும் காஸும் டின்னுக்குள் போகும். வால்வை நெரித்து இறுக்குவார்கள். பெட்டியில் அடுக்கமுதல் ஒவ்வொரு டின்னும் சுடுதண்ணீரில் முழுக வேண்டும். கை வைத்தால் உடனே எடுக்கிற சூடு. அந்தச் சூட்டில் டின்னுக்குள் காஸ் முட்டும். எங்காவது ஓட்டை இருந்தால் குமிழ் வரும். வந்தால் நான் கையைத் தூக்கி ‘குமிழ்’ என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. நான் படித்தது எட்டாம் வகுப்பு வரை. அதுவே இதற்கு அதிகம் என்பார் நானா.

முதல் நாள் அவர் பழக்கிய விதம் இது.

“கொக்கு மாதிரி ஈக்கணும் தம்பி. ஆனா கொக்குக்கு மீன் வந்தா சந்தோசம். ஒனக்கு ஒண்டும் வராட்டித்தான் சந்தோசம்.”

இருந்தேன்.

சண்டைக் காலம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கனகாலம் ஆகவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு அறை. அறைக்கும் வேலைக்கும் நடுவில் ஒரு செக்பொயின்ட். அடையாள அட்டையில் பிறந்த ஊர் இருக்கும். அதைப் பார்த்தால் அடுத்த கேள்வி, கொழும்பில் என்ன வேலை என்பது. வாயால் சொன்னால் எடுபடாது. கம்பனி அட்டை காட்ட வேண்டும். கம்பனி அட்டை நிரந்தரமானவர்களுக்கு மட்டும். நான் தற்காலிகம்.

இரண்டு தரம் பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டு தரமும் நானா பொலிஸுக்கு வந்து கதைத்து எடுத்தார். இரண்டாம் தரம் வெளியே வந்தபோது சொன்னார்:

“இன்னொரு தரம் வந்தா பொலிஸ்காரன் என்னையும் அங்கேயே வேலைக்கு எடுத்துப் போடுவான்.”

முதலாளி சொல்லியிருந்தது இதுதான். வாங்குகிற கம்பனியிலிருந்து ஆள் வந்து தொட்டியைப் பார்ப்பார். தொட்டியில் இருக்கிறவன் சரி என்று அவர் சொன்னால் அவனை நிரந்தரமாக்கி அட்டை கொடுக்கலாம். சரியில்லை என்றால் வேறு ஆள் பார்க்க வேண்டும்.

அந்தத் தொட்டியில் டின் மட்டும் முழுகுவதில்லை. சாப்பாடும் முழுகும். பத்து மணிக்கு மேல் எல்லோரும் தங்கள் அலுமினியப் பெட்டியை இறுக்கி மூடி, நூல் கட்டி, தொட்டியின் மூலையில் தொங்கவிடுவார்கள். பகலுக்குச் சோறு சூடாக இருக்கும். நானாவுக்கு இது தெரியாது என்பது ஏற்பாடு. வெள்ளிக்கிழமைகளில் அவருடைய பெட்டியும் அங்கேதான் தொங்கும். டின் முழுகிய தண்ணீரில் சூடாக்கிய சோறு. எங்கள் ஒருவருக்கும் வயிற்றில் பூச்சி இருந்ததாகக் கேள்விப்படவில்லை.

சேர் வருகிற அன்று காலையில் நானா எல்லோரையும் கூப்பிட்டார்.

“இண்டைக்கு ஒருத்தன்ட சோறும் தொட்டிக்குள்ள ஈக்கப்படாது. சரியா? பச்சத் தண்ணி மாதிரி சோறு திண்டாலும் ஒருத்தரும் மௌத்தாகிறல்ல.”

அக்கே தன் பெட்டியைத் தூக்கிக் காட்டினார். “நானா, மகே சோறு இங்க. வெளிய. பாத்தது தானே?”

“பாத்தன், பாத்தன்.”

பதினொரு மணிபோல நானா ஒரு பெட்டியுடன் வந்தார். இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். கூடைச் சங்கிலிக்குப் பின்னால் அதை மெல்ல இறக்கினார். அக்கே என்னைப் பார்த்தார். நான் தொட்டியைப் பார்த்தேன்.

“கோழி,” என்றார் நானா, எங்களைப் பாராமல். “வூட்டில சமைச்ச. வாற மனிசனுக்கு ஆறின கோழியா குடுக்கிற? மரியாதண்டு ஒண்டு ஈக்கி.”

அக்கே அடுத்த டின்னை எடுத்தார்.

சேர் வந்தார். தொட்டிக்கு எதிரே நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அக்கே கூடையை நிரப்பினார். நான் சங்கிலியைத் தளர்த்தினேன். கூடை இறங்கியது. முதலில் டின்களில் ஒட்டி வந்த காற்று மேலே போனது. பிறகு தண்ணீர் அமைதியானது.

பிறகு மூலையில் ஒரு குமிழ் வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு ஒழுங்காக, மணி கோத்ததுபோல.

சேர் தண்ணீரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நானாவும் என்னைப் பார்த்தார். நானாவின் கண் வேறு மாதிரி இருந்தது. இரண்டு தரம் என்னைப் பொலிஸிலிருந்து எடுத்த மனிதர்.

நான் கையைத் தூக்கினேன்.

“குமிழ்.”

“எந்த டின் ஐசே?” என்றார் சேர்.

“பார்க்க வேணும் சேர்.”

கூடையை மேலே எடுத்தேன். டின்களை ஒவ்வொன்றாக இறக்கினேன். அது முறை. ஒரு டின்னிலும் குமிழ் இல்லை. கடைசி டின்னையும் எடுத்துவிட்டேன். தொட்டியில் டின்னே இல்லை. குமிழ் மட்டும் வந்துகொண்டிருந்தது.

“தொட்டி பழசு சேர்,” என்றார் நானா.

“பழசெண்டா? மூச்சு விடுமோ?”

“சில நேரம் சேர்.”

அப்போது எண்ணெய் மேலே வந்தது. முதலில் ஒரு பொட்டு. பிறகு சிவப்பாக ஒரு வட்டம். வட்டம் பெரிதாகி எங்கள் பக்கம் வந்தது. சேர் மூக்கைச் சுருக்கினார்.

“இதென்ன மணம்?”

“மருந்து சேர். நுளம்பு மருந்து.”

“நீங்கள் மருந்துக்குக் கறுவாவும் ரம்பையும் போடுறனீங்களோ?”

அக்கே தலையைக் குனிந்துகொண்டார். தோள் ஆடியது.

சேர் என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீர் சொல்லும். எங்கயிருந்து வருது?”

கேட்டால் சொல்ல வேண்டும். காட்டுவதற்குத்தான் என்னை அங்கே வைத்திருந்தார்கள். சங்கிலிக்குப் பின்னால் கையை விட்டு நூலை இழுத்தேன். பெட்டி வந்தது. மூடியின் ஒரு பக்கம் நெளிந்திருந்தது. உள்ளே இருந்து தண்ணீர் ஒழுகியது. கோழிக்கால் ஒன்று வெளியே எட்டிப் பார்த்தது.

“ஆற்றை சாப்பாடு இது?”

நானா தரையைப் பார்த்தார்.

“உங்கடை சேர்,” என்றேன்.

சேர் கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்தார். பிறகு நானாவைப் பார்த்தார். டையைக் கொஞ்சம் தளர்த்தினார்.

“எனக்கெண்டு சமைச்சதோ?”

“ஓம் சேர். ஆறிப் போகுமெண்டு...”

“வால்வு சரியா இறுக்கேல்லை நானா. இந்தச் சாமான் பெயில்.”

அக்கே பிறகு சத்தமாகவே சிரித்தார். சேரும் கொஞ்சம் சிரித்தார். நானா சிரிக்கவில்லை. அவர் வீட்டில் காலை நாலரைக்கு எழும்பிச் சமைத்த கறி.

ஆனால் சேர் சோதனையை விடவில்லை. எண்ணெய்த் தண்ணீரில் குமிழ் பார்க்க முடியாது. தொட்டியைத் திறந்துவிட்டோம். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தோம். டின்களையும் துடைத்தோம். துடைத்த பிறகும் ஒரு மணம் இருந்தது. புதுத் தண்ணீர் சூடாக நேரம் எடுத்தது.

அதற்குள் பசித்துவிட்டது. அக்கே தன் பெட்டியைத் திறந்தார். சிவப்பரிசிச் சோறு, பலாக்காய், கருவாடு. எல்லாம் ஆறியிருந்தது. ஒரு பங்கைத் தாளில் வைத்துச் சேரிடம் நீட்டினார்.

“சேர், குளிர். ஆனா லீக் இல்ல.”

சேர் வாங்கினார். நின்றபடி சாப்பிட்டார். கருவாட்டை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார். நானா தன் பங்கு வேண்டாம் என்றார். கோழிக்கறியை வெளியே பூனைக்கு வைத்தோம். பூனை மணந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அதையும் நானா பார்த்துக்கொண்டு நின்றார்.

தண்ணீர் சூடானது. திரும்பத் தொடங்கினோம். கூடை கூடையாக இறங்கியது. சேர் இப்போது அக்கேக்குப் பக்கத்தில் நின்று டின் எடுத்துக் கொடுத்தார். உதவி என்று நினைத்தேன். நான் தண்ணீரை மட்டும் பார்த்தேன். கண் எரிந்தது. இமைக்கப் பயம். ஒரு கூடையில் ஒரு டின் மெல்லிய நூல்போலக் குமிழ் விட்டது. எடுத்து வைத்தேன். பிறகு ஒன்று. பிறகு இரண்டு.

முடிந்ததும் சேர் நான் எடுத்து வைத்தவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதிலை ரெண்டு நான் போட்டது,” என்றார். “வால்வைக் கொஞ்சம் நெகிழ்த்திக் கொண்டு வந்தனான். நீர் நித்திரையோ எண்டு பார்க்க.”

நான் அந்த டின்களைப் பார்த்தேன்.

“இது உண்மையான லீக். நல்லது. இது...” நாலாவதை எடுத்துத் தானே தண்ணீரில் பிடித்தார். எல்லோரும் குனிந்து பார்த்தோம். ஒன்றும் வரவில்லை. “இது நல்ல டின். இதை ஏன் எடுத்தனீர்?”

“குமிழ் மாதிரி இருந்தது சேர்.”

“இருக்கேல்லை.”

“ஓம் சேர்.”

நானா அப்போதுதான் வாயைத் திறந்தார். “சேர், ஒண்டு கூடத்தானே. கொறயல்லயே. என்ட பெட்டியில வந்ததக் கூட வுடல்லயே இவன்.”

சேர் பேனையை எடுத்து ஏதோ எழுதினார். எங்களுக்குக் காட்டவில்லை. போகும்போது நானாவின் தோளில் தட்டினார்.

“அடுத்த முறை வீட்டை வந்து சாப்பிடுறன். தொட்டிக்குள்ளை வேண்டாம்.”

அதன் பிறகு ஒரு கிழமை முழுக்க ஒரு செய்தியும் இல்லை. அந்தக் கிழமை நான் செக்பொயின்ட் பக்கம் போகாமல் கோவில் ஒழுங்கையால் சுற்றி வந்தேன். அக்கே ஒவ்வொரு காலையும், “மல்லி வந்தது. இண்டைக்கும் வெளிய தான்,” என்று சொல்லி டின் அடுக்கத் தொடங்குவார்.

சாப்பாட்டுப் பெட்டிகள் திரும்பத் தொட்டியில் தொங்கின. நானா ஒரு சட்டம் போட்டார். பெட்டியை முதலில் வெறுமையாக முக்கிக் குமிழ் பார்க்க வேண்டும், பிறகுதான் சோறு. பார்க்கிறது நான்தான். அவருடைய பெட்டி இரண்டு தரம் பெயில். மூன்றாம் தரம் புதிதாக வாங்கி வந்தார்.

பிறகு ஒரு நாள் முதலாளி கூப்பிட்டு, படம் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். ஸ்டூடியோவில் டை கட்ட வேண்டும் என்று நானா பிடிவாதம் பிடித்தார். தன் கல்யாண டையைக் கொண்டு வந்து தானே கட்டிவிட்டார். அட்டையில் முகம் என்னுடையது. டை அவருடையது. அக்கே பார்த்துவிட்டு, “டை ஹொந்தாய், நல்லம்,” என்றார். முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அட்டையைக் கையில் தரும்போது நானா சொன்னார்:

“நம்பர மனப்பாடம் பண்ணு. கேப்பானுகள். தடுமாறினா அட்ட ஈந்தும் வேலயில்ல.”

அன்று பின்னேரம் நான் ஒழுங்கையால் சுற்றவில்லை. நேரே போனேன். வரிசையில் நின்றேன். பொலிஸ்காரர் இரண்டு அட்டையையும் வாங்கினார். பிறந்த ஊரைப் பார்த்தார். கம்பனி அட்டையைப் பார்த்தார். படத்தையும் என்னையும் பார்த்தார். பிறகு கம்பனி அட்டையை உள்ளங்கையில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, இலக்கம் என்ன என்று சிங்களத்தில் கேட்டார்.

தடுமாறாமல் சொன்னேன்.

நூற்றுப் பதினேழு.