பத்துப் பேருக்கான கூழ்

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்த சித்தி, காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாப் பையை என் வாடகை அறை மேசையில் வைத்துவிட்டு, வழியில் சோதனைச் சாவடியில் நடந்ததைச் சொன்னார். மாவை விரலால் கிளறிப் பார்த்த ஆமிக்காரன் தின்று காட்டச் சொன்னானாம். சித்தி ஒரு பிடி பச்சை மாவை, அந்தக் கசப்போடு, அவன் முன்னாலேயே விழுங்கியிருக்கிறார். கேட்ட கணத்திலேயே முடிவெடுத்தேன்: இந்த மாவில் கூழ் காய்ச்ச வேண்டும், கூட்டமாக இருந்து குடிக்க வேண்டும். வியாழக்கிழமை சித்தி கனடாவுக்கு, மகனிடம் போகிறார். திரும்பி வரமாட்டார்.

வெள்ளவத்தைச் சந்தையில் நண்டும் இறாலும் மீன்தலையும் வாங்கினேன். மாவை ஊறவைத்துக் கசப்புத் தண்ணீரை வடித்து வடித்து ஊற்றினேன். மரவள்ளி, பலாக்கொட்டை, பயற்றங்காய், ஒரு கை அரிசி, கடைசியில் செத்தல் மிளகாயும் புளியும் கரைத்த மா. பானை கொள்ளவில்லை. கொள்ளாதுதான். கூழை ஒருவருக்கென்று காய்ச்ச யாரால் முடியும்? கால் நண்டு, மூன்று பலாக்கொட்டை என்றா?

பம்பலப்பிட்டியிலிருந்தும் கிருலப்பனையிலிருந்தும் சிநேகிதிகள் எட்டுப் பேர் வந்தார்கள். கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார ஐயா கேற்றிலேயே மறித்து, அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஓடிப்போய்க் கேட்டேன். மீன்மணம்தான் பிரச்சினை என்று நினைத்தேன். அவர் சுத்த சைவம்.

"மணத்தை விடு பிள்ளை. பத்துத் தமிழ்ப் பிள்ளையள் ஒரு அறைக்குள்ளை இருந்தா, பொலிஸ் வந்து கேட்டா நான் என்னெண்டு சொல்றது?"

"கூழ் குடிக்கினம் எண்டு சொல்லுங்கோ."

"அதைச் சிங்களத்திலை எப்பிடிச் சொல்றது?" என்றார். பகிடி இல்லை, உண்மையாகவே பயந்துபோயிருந்தார். அந்தப் பயம்தான் எனக்கு இன்னும் எரிச்சலை மூட்டியது. எங்கள் பசிக்கும் பாஸ் எடுக்க வேண்டுமா?

மேலே சித்தி கட்டிலின் விளிம்பில் இருந்து ஒரு கோப்பை குடித்தார். நண்டுக்காலை உடைக்கவுமில்லை. உப்புக் காணாதா என்று கேட்டேன்.

"உப்பெல்லாம் காணும். ஆனா தனிய இருந்து குடிச்சா இது கூழில்லைப் பிள்ளை, சூப்."

பானையைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. அடிக்கவில்லை, வாடகை வீட்டுச் சுவர். அயலில் நாலு வீட்டுக்குச் சட்டி சட்டியாய் ஊற்றிக் கொடுத்தேன். எல்லோரும் கதவை அரைவாசி திறந்துதான் வாங்கினார்கள். ஒவ்வொரு கதவிலும் கோபம் ஏறியது.

பையில் பாதி மா மிச்சம். புதன்கிழமை இருக்கிறது. மீன் வேண்டாம், நண்டு வேண்டாம். பூசணி, பயற்றங்காய், பலாக்கொட்டை, கடைசியாக முருங்கையிலை. மீன்தலை இல்லாமல் கூழுக்கு ருசி வருமா? தெரியாது, உள்ளியைக் கூடுதலாகப் போட்டுப் பார்க்கவேண்டும். சைவக் கூழ் என்று சொல்லி வீட்டுக்கார ஐயாவை முதலில் மேலே கூப்பிடுவேன். சித்திக்குப் பக்கத்தில் இருத்தி, முதல் கோப்பையை அவர் கையில் கொடுப்பேன். அவர் குடித்துக்கொண்டிருக்கும்போதே நான் கீழே இறங்கிப்போய்க் கேற்றைத் திறப்பேன்.