பன்னிரண்டு நிமிட இரக்கம்

ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரருக்கு 'ஆடாதே சார்' என்றுதான் பெயர். எம்.ஆர்.ஐ. அறையில் பதினெட்டு வருடமாக அவர் அதிகம் சொன்ன வார்த்தை அது. மந்திரியின் மாமியாரே வந்து படுத்தாலும், தலை அசைந்து படம் கலங்கினால் மறுபடி எடுக்காமல் விடமாட்டார். வீட்டில்தான் வாயில்லாப் பூச்சி.

அவருடைய அண்ணன் தையற்காரர். அப்பா போன பிறகு இவரைப் படிக்கவைத்து ஆளாக்கியவர். போன வருடம் அவர் தலைக்குள், வலது கண் நரம்பை ஒட்டி ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. கட்டி எங்கே முடிகிறது, நரம்பு எங்கே தொடங்குகிறது என்று படத்தில் துல்லியமாகத் தெரிந்தால்தான் கதிர்வீச்சைக் குறிபார்த்துக் கொடுக்க முடியும் என்றார் டாக்டர். அதற்கான படம் எடுக்கப் பன்னிரண்டு நிமிடம் தலை அசையக் கூடாது.

எடுத்தவர் இவரேதான். குழாய்க்குள் போன கொஞ்ச நேரத்திலேயே, அவசரத்துக்குக் கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அண்ணன் அமுக்கிவிட்டார். சமாதானம் சொல்லித் தொடர்ந்தால் மறுபடியும் அமுக்கினார். ஒருவழியாக முடித்துப் பார்த்தால் கட்டியின் விளிம்பு கலங்கிக் கிடந்தது. இன்னொரு தடவை எடுக்கவேண்டும் என்று சொல்ல இவர் உள்ளே போனார். அந்த மனிதர் அழுதுகொண்டிருந்தாராம்.

"போதும்டா, முடியல. என்னை வெளிய எடுத்துரு."

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே. இவர் வெளியே எடுத்துவிட்டார். தெளிவான படம் கிடைக்காதா என்று டாக்டர் கேட்டதற்கு, இதற்கு மேல் வராது சார் என்று வாய் கூசாமல் சொல்லியிருக்கிறார். பதினெட்டு வருடம் பழம் தின்று கொட்டை போட்டவர் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? கட்டியில் எதுவும் விட்டுப்போகக் கூடாதென்று டாக்டர் கதிர்வீச்சுக்கான எல்லைக் கோட்டை இரண்டு மில்லிமீட்டர் வெளியே தள்ளி வரைந்தார். நரம்பு கோட்டுக்குள் மாட்டிக்கொண்டது.

கட்டி அடங்கியது. பத்தாவது மாதம் வலது கண் போனது. ஊசியில் நூல் கோக்கப் போனால் கை விலகிப்போகிறது என்று இப்போது அண்ணன் மனைவிதான் கோத்துக் கொடுக்கிறார். டாக்டர் காரணத்தை இவரிடம் சொன்னார். இவர் என்னிடம் மட்டும் சொன்னார். பன்னிரண்டு நிமிட அழுகையைப் பொறுக்க முடியாமல் ஆயுசுக்கும் ஒரு கண்ணைக் கெடுத்துவிட்டாரே என்று எனக்கு இன்னும் ஆறவில்லை. உங்கள் வாயாலேயே அண்ணனிடம் சொல்லுங்கள் என்று போன ஞாயிற்றுக்கிழமை கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

அண்ணன் இவரைப் பார்த்ததும் ஒரு சட்டைத் துணியை எடுத்தார். இவருக்குத் தைத்துத் தர அவரே வாங்கி வைத்திருந்தாராம். முதுகில் டேப்பை வைத்துக்கொண்டு, துணி கொடுக்க வந்திருந்தவரிடம் பெருமையாகச் சொன்னார்.

"அந்தக் குழாய்க்குள்ள நான் பட்ட பாட்டைப் பார்த்து மனசு இரங்குனது இவன் ஒருத்தன்தான். மத்தவங்களா இருந்தா விட்டிருப்பாங்களா?"

இவர் தோள் குலுங்கியது. அண்ணன் டேப்பை எடுத்து மறுபடி வைத்தார்.

"ஆடாம நில்லுடா. அளவு தப்பிடும்."

இவர் ஆடாமல் நின்றார். அளவெடுத்து முடிக்கும்வரை வாயைத் திறக்கவேயில்லை.