அண்ணாந்து பார்த்த பிறகே அடுப்பு

மழைக்காலத்தில் அடுப்பைப் பற்ற வைக்கும் முன் நான் ஒருமுறை அண்ணாந்து பார்ப்பேன். சுனாபட்டியில் இப்போது இருக்கும் வீட்டில் கூடம் தனி, அடுப்படி தனி. ஆனால் நடுவில் கதவு கிடையாது, படுக்கிற உள்ளறைக்கு மட்டும்தான் கதவு. துணி துவைக்கிற மெஷினில் உலர்த்துவதற்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் துணி காய்கிறதோ இல்லையோ, கரண்ட் பில்லைப் பார்த்து நம் நாக்கு காய்ந்துவிடும். அதனால் கூடத்தின் குறுக்கே ஒரு நைலான் கொடி கட்டியிருக்கிறேன். கொடியும் அண்ணாந்து பார்க்கிற பழக்கமும் என் மதினியிடமிருந்து வந்தவை.

மதினி என் அண்ணன் மனைவி. தாராவியில் ஒற்றை அறையில் நாங்கள் மூவரும் இருந்தோம். படுக்கை, அடுப்பு, தண்ணீர் டிரம் எல்லாம் அதற்குள்தான். மழை தொடங்கிவிட்டால் துணியும் உள்ளே வந்துவிடும். பக்கத்துச் சந்தில் மெஷின் வைத்திருந்த ஒரு அம்மா காசு வாங்கிக்கொண்டு ஈரத்துணியைச் சுழற்றிக் கொடுப்பார். மதினி அங்கே போனதே இல்லை. "காத்துக்கு எவன் பில்லு போடுதான்?" என்பாள். பிழிந்த துணியைக் காய்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி, அதன்மேல் ஏறி மிதிப்பாள். கனமான துணி வாசல் பக்கம், மெல்லியது ஃபேனுக்கு நேராக. காய்ந்ததா என்று கையால் தொட மாட்டாள், கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். கைக்குக் குளிரும் ஈரமும் ஒன்றுபோலத் தெரியுமாம், கன்னம் ஏமாறாதாம். நானும் சோதித்துப் பார்த்தேன், உண்மைதான்.

கொடியில் துணி இருந்தால் அடுப்பில் மீன் கிடையாது, தாளிப்பு கிடையாது. இது அவள் போட்ட சட்டம். எங்கள் வீட்டில் இன்றைக்கு என்ன சமையல் என்பதைக் கொடிதான் தீர்மானிக்கும். அண்ணன் மழைக்காலம் முழுக்கத் தாளிக்காத ரசத்தையும் அவித்த முட்டையையும் பார்த்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருப்பான். ஆனால் அவன் சட்டையில் ஒருநாளும் சமையல் வாடை அடித்ததில்லை. மெஷினுக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடித்ததையும் சேர்த்துத்தான் மதினி என்னைக் கம்ப்யூட்டர் வகுப்புக்கு அனுப்பினாள்.

வகுப்பு முடிந்து எனக்கு முதல் இன்டர்வியூ வந்தது. கோட்டைப் பக்கம் ஒரு கப்பல் சரக்கு ஆபீஸ். வெளியே போட்டுக்கொண்டு போகிற மாதிரி என்னிடம் இருந்தது ஒரே ஒரு சுடிதார். முந்தின நாள் மதினியே அதைத் துவைத்து ஃபேனுக்கு நேராகப் போட்டாள். நான் சர்டிபிகேட் நகல் எடுக்கப் போய்விட்டு வந்தேன். எங்கள் சந்தில் எந்த வாடை எந்த வீட்டினுடையது என்று பிரிக்க முடியாது, அதனால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் ரயிலில் தோன்றியது. லேடீஸ் பெட்டியில் யாரோ கருவாட்டுக் கூடையோடு ஏறிவிட்டார்கள் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தேன், கூடை எதுவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் மெல்ல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். துப்பட்டாவை எடுத்து முகர்ந்தேன். வாடை அதிலிருந்துதான் வந்தது.

ஆபீசில் என்னைக் கேள்வி கேட்ட அம்மா இரண்டாவது கேள்வியிலேயே எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார். எல்லாவற்றுக்கும் சரியாகத்தான் பதில் சொன்னேன். முடிவில், நேற்று வீட்டில் கருவாடா என்று இந்தியில் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தகவல் சொல்கிறோம் என்றார். வேலை போய்விட்டது என்று தீர்மானித்துக்கொண்டுதான் படியிறங்கினேன்.

திரும்பி வரும்போது அழுகையை மீறி ஒரு கேள்வி குடைந்தது. எனக்கு எப்போதுமே அப்படி. காரணம் தெரியாவிட்டால் சோறு இறங்காது. அண்ணன் என்னை சி.ஐ.டி. என்றுதான் கூப்பிடுவான். சட்டம் போட்டவளே அதை ஏன் மீறினாள்? அதுவும் அந்தச் சுடிதார் தொங்கும்போது?

வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டேன். மடித்துக்கொண்டிருந்த துணியை மதினி அப்படியே மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாலு நாளா நாக்கு கேட்டுக்கிட்டே கெடக்குட்டி. நேத்து என்னால முடியல. கதவத் தொறந்து வச்சுத்தான் வறுத்தேன், வாடை போயிரும்னு நெனச்சேன்" என்றாள். பிறகு குரலை இறக்கி, "ஒங்க அண்ணன்ட்டகூட இன்னும் சொல்லல. நெலைக்கட்டும்னு இருக்கேன்" என்றாள்.

கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தையில்லை. தங்கிய ஒன்றும் கலைந்துபோயிருந்தது. சந்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. வேலையாவது ஒன்றாவது என்று அவளைக் கட்டிக்கொண்டேன். என் வேலையைக் கெடுத்துவிட்டேனே என்று அவள்தான் விடாமல் அழுதாள்.

அந்த வேலை எனக்குக் கிடைத்தது. ஜன்னலைத் திறந்த அம்மா கொங்கண் கடற்கரைக்காரர் என்று பிறகு தெரிந்தது. வாடை அவரைத் தொந்தரவு செய்யவில்லையாம், பசியைக் கிளப்பிவிட்டதாம்.

வயிற்றில் இருந்தவள் பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகி உல்லாஸ்நகரில் இருக்கிறாள். வேலை காட்கோபரில். மழையில் ரயில் நின்றுபோனால் என் வீட்டுக்கு வந்துவிடுவாள். போன வாரமும் அப்படித்தான், தொப்பலாக நனைந்து வந்தாள். மறுநாள் ஆபீசில் பெரிய மீட்டிங் என்று சட்டையை அலசிக் கொடியில் போட்டாள். மெஷின் பொத்தானை அழுத்தட்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. அவள் அம்மா வளர்ப்பு. நான் அண்ணாந்து பார்த்துவிட்டு ரசத்துக்குப் புளி ஊறவைத்தேன்.

அவள் அடுப்படிக்கு வந்து டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். மதினி ஊரிலிருந்து வரவழைத்துக் கொடுத்திருந்த நெத்திலிக் கருவாடு கையில் சிக்கியதும் நின்றாள்.

"அத்தை, இத கொஞ்சம் வறுக்கிறீங்களா? ப்ளீஸ், இப்பவே."

"மேல ஒன் சட்டை தொங்குது."

"தெரியும்" என்றாள். டப்பாவைக் கீழே வைக்கவில்லை.

ஏன் என்று நான் கேட்கவில்லை. கூடத்துக்குப் போய்ச் சட்டையை எடுத்து உள்ளறை ஃபேனுக்கு அடியில் மாட்டினேன். அந்த அறைக் கதவை இறுகச் சாத்திவிட்டு வந்து, சட்டியை அடுப்பில் வைத்தேன்.