சிவஞானம் அண்ணை இன்னும் தோற்கவில்லை

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். இந்த நினைவு மலரை வாசிக்கிற நீங்கள் அச்செழுத்தைத்தான் பார்ப்பீர்கள். அதில் எல்லா எழுத்தும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நிற்கும். அதை நம்ப வேண்டாம். நான் எழுதிய தாளில் சில எழுத்து நிற்கிறது, சில எழுத்து குந்தியிருக்கிறது, சிலது படுத்தே விட்டது. அச்சுக்கூடத்துத் தம்பி பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுதப் பழகி எனக்கு இன்னும் ஒரு வருடம் முடியவில்லை. துறைமுகத்தில் கப்பல் கயிறு பிடித்த கை இது. பேனை அதற்கு மிகவும் மெல்லிசு. ஆனாலும் எழுதும்போது ஒரு சந்தோஷம் வருகிறது. துக்கத்தை எழுதும்போதும் அது வந்துவிடுகிறது. அதற்கும் சேர்த்து மன்னியுங்கள்.

செய்தி வந்த காலையிலும் நான் எழுதிக்கொண்டுதான் இருந்தேன். கொழும்பில் மகள் வீட்டில் இருந்த சிவஞானம் அண்ணைக்கு ஒரு தபாலட்டை. "மூதூருக்கு வடக்கே" என்று எழுதிவிட்டு, அடுத்த சொல்லுக்காக இளைப்பாறிக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. என் மனைவி தங்கம் எடுத்தாள். மறுபக்கத்தில் அண்ணையின் மனைவி பரமேஸ்வரி அக்கா. கேட்டு முடித்த தங்கம் வந்து, என் கையிலிருந்த பேனையை வாங்கி மேசையில் வைத்தாள்.

"அண்ணை விடியக்காலமை மோசம் போயிட்டாராம்."

என் வாயில் வந்தது இதுதான்: "இப்ப என்ர முறையெல்லோ?"

தங்கம் கோபிக்கவில்லை. "ஓம், உங்கட முறைதான். முதல் வெறும் மேலுக்கு ஒரு சேட்டைப் போடுங்கோ, பூட்டிக் கிடக்கிற அவையின்ர வீட்டைத் திறந்து கூட்ட வேணும்" என்றாள்.

அண்ணையைத் தெரியாதவர்களுக்கு அந்த முறை என்னவென்று விளங்க வேண்டுமானால், கோ என்ற விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கீறிய ஒரு பலகை. ஒருவருக்குக் கறுப்புக் காய், மற்றவருக்கு வெள்ளைக் காய். கோடுகள் வெட்டுகிற இடங்களில் மாறி மாறி வைக்க வேண்டும். வைத்த காய் நகராது. எதிரியின் காயைச் சுற்றி வளைத்து, மூச்சு விட இடமில்லாமல் செய்தால் தூக்கி எடுக்கலாம். கடைசியில் யாரிடம் நிலம் கூட இருக்கிறதோ அவர் வென்றார். "காணிச் சண்டை" என்று தங்கம் இரண்டு சொல்லில் முடித்துவிடுவாள்.

அண்ணை துறைமுகத்து இழுவைப் படகில் இயந்திரம் ஓட்டினவர். நாங்கள் இருவரும் இளந்தாரிகளாக இருந்த காலத்தில் ஒரு ஜப்பான் கப்பல் இயந்திரம் பழுதாகி வந்து கிடந்தது. கை உதவிக்கு அண்ணையை அனுப்பினார்கள். உதிரிப் பாகம் வரும்வரை வேலை இல்லை. அந்தக் கப்பலின் இயந்திரப் பொறியாளர் ஒரு பலகையை விரித்து அண்ணையை எதிரில் இருத்தினார். அவருக்குத் தமிழ் தெரியாது, அண்ணைக்கு ஜப்பான் மொழி தெரியாது. ஆகவே அந்த மனிதர் செய்ததை எல்லாம் அண்ணை அப்படியே பழகிக்கொண்டார்.

ஜப்பான்காரர் ஆட்டத்துக்கு முன் தலை குனிவார். அண்ணையும் குனிவார். ஜப்பான்காரர் இடது கால் சப்பாத்தைக் கழற்றி வைப்பார். அண்ணை இடது செருப்பைக் கழற்றுவார். கப்பல் புறப்படுகிற நாளில் அண்ணை முதல்தடவையாக வென்றார். விட்டுக்கொடுத்தாரோ என்னவோ, அந்த மனிதர் சிரித்து, குனிந்து, இடது சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனார். தோல்வியை ஒத்துக்கொள்கிற முறை அதுதான் என்று அண்ணை விளங்கிக்கொண்டார். அந்த ஜப்பான்காரரின் இடது கால் பெருவிரலில் ஒரு வெள்ளைக் கட்டு இருந்ததென்றும் அவரே எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். அதையும் இதையும் மட்டும் அவர் சேர்த்துப் பார்க்கவில்லை.

அப்படித்தான் திருகோணமலையில் கோ தொடங்கியது. துறைமுக வாசலுக்கு எதிரே, கிண்ணியாவைச் சேர்ந்த ஹனிபா நானாவின் தேத்தண்ணிக் கடையில், பொதிப் பெட்டிப் பலகையில் அண்ணை கோடு கீறினார். வெள்ளைக்கு நிலாவெளிக் கரையில் பொறுக்கிய சிப்பி, கறுப்புக்குப் புளியங்கொட்டை. ஒரு மாரியில் ஈரம் பட்ட கொட்டை ஒன்று ஆட்டத்தின் நடுவில் முளை காட்டியது. அதை எடுக்கக் கூடாது, அதற்கு உயிர் இருக்கிறது என்று அண்ணை தீர்ப்புச் சொன்னார். கொட்டை அவருடையது என்பதையும் நான் சொல்ல வேண்டும்.

பலகையின் இடங்களுக்கு அண்ணை எங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார். மேல் மூலைகள் திரியாயும் நிலாவெளியும். கீழ் மூலைகள் தம்பலகாமமும் மூதூரும். நடு, துறைமுகம். கடைக்குள் இது வசதி. வெளியில் ஆபத்து. அண்ணைக்கு இயந்திரச் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டிருந்தது, ஆகவே அவர் கதைத்தால் பேருந்து முழுவதுக்கும் கேட்கும். ஒருநாள் பின் ஆசனத்திலிருந்த என்னைத் திரும்பிப் பார்த்து, "வேலாயுதம், தம்பலகாமத்தில உம்மட ஆக்கள் எல்லாரும் முடிஞ்சுது" என்றார்.

பக்கத்தில் இருந்த பெண் பதறிப்போய்க் கேட்டார்: "ஐயோ, என்ர தங்கச்சி அங்கதான். யானையோ ஐயா?"

அண்ணைக்குப் பாதிதான் கேட்டது. "சுத்தி வளைச்சாச்சு பிள்ளை. ஒண்டு மட்டும் வாய்க்கால் பக்கமாத் தப்பப் பாக்குது. ஏலாது."

அந்தப் பெண் அழத் தொடங்க, ஓட்டுநர் பேருந்தை நிறுத்திவிட்டார். நான் எழுந்து எல்லோருக்கும் கோ விளக்கினேன். இறங்கும்போது அந்தப் பெண் அண்ணையிடம், "அந்த ஒண்டையாவது விடுங்கோ ஐயா" என்றார். அண்ணை விடவில்லை.

இந்த விளையாட்டில் ஒரு விசேஷச் சட்டம் உண்டு. சில இடத்தில் நான் உங்கள் ஒரு காயை எடுப்பேன், நீங்கள் அதே இடத்தில் என் காயை எடுக்கலாம், நான் திரும்ப எடுக்கலாம். விட்டால் உலகம் முடியும்வரை நடக்கும். ஆகவே, பறிகொடுத்தவர் உடனே திருப்பி எடுக்கக் கூடாது. முதலில் வேறெங்காவது ஒரு காய் வைக்க வேண்டும். எதிரி அதற்குப் பதில் வைத்த பிறகுதான் திரும்பி வந்து எடுக்கலாம்.

ஹனிபா நானா இந்தச் சட்டத்தைக் கடைச் சண்டைகளுக்கும் கொண்டுவந்தார். ஒருவர் குத்திக் கதைத்தால் மற்றவர் உடனே திருப்பிக் குத்தக் கூடாது. வேறொரு கதை சொல்லிவிட்டு வர வேண்டும்.

"அண்ணை, நீங்கள் ஒரு காய் வைக்கிறதுக்குள்ள என்ர தேத்தண்ணி ஆறிப்போச்சு" என்பேன் நான்.

அண்ணை வாய் திறப்பார். "ஆ, வேற எடத்துல வெச்சிட்டு வாங்க" என்பார் நானா.

அண்ணை கூரையைப் பார்ப்பார். "நானா, அங்க ஒரு ஓடு விலகிக் கிடக்கு."

நானா அண்ணாந்து பார்த்து, "ஓம், மழைக்கு முன்னுக்கு மாத்தணும்" என்பார். பதில் வந்துவிட்டது.

உடனே அண்ணை என் பக்கம் திரும்புவார். "உம்மட மூளையை விடவோ ஆறிப்போச்சு?"

இந்தச் சட்டத்தால் எங்கள் கடையில் கைகலப்பு வந்ததே இல்லை. ஓடு திருத்துகிற வேலைதான் கூடிப்போனது.

சில வருடங்களுக்கு முன் நிலாவெளி விடுதியொன்றுக்கு வந்த வயதான ஜப்பான் விருந்தாளி ஒருவர் கோ ஆடுவார் என்று கேள்விப்பட்டு, முச்சக்கர வண்டி பிடித்துப் போனோம். அண்ணை குனிந்தார். நாங்கள் எல்லோரும் இடது செருப்பைக் கழற்றினோம். விருந்தாளி எங்கள் கால்களைப் பார்த்தார், தன் இடது சப்பாத்தையும் கழற்றினார். மரியாதையான மனிதர். அண்ணையை நன்றாகத் தோற்கடித்த பிறகு, விடுதிப் பொடியன் மூலம் கேட்டார், இது எந்தக் கோயில் வழக்கம் என்று. "உங்கட ஊர் வழக்கம்தானே" என்றார் அண்ணை. அப்படி ஒன்று தங்கள் நாட்டில் எங்கும் இல்லை என்று பதில் வந்தது.

திரும்பி வரும்போது வண்டியில் நாங்கள் எல்லோரும் எங்கள் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஊர் எல்லைக்கு வந்ததும் அண்ணை சொன்னார்: "அது அவையின்ர சட்டம். இது திருகோணமலைச் சட்டம். மாத்த ஏலாது."

போன வருடம் அண்ணைக்கு இருதய வருத்தம் வந்து மகள் கொழும்புக்குக் கூட்டிப்போனார். காது சரியாகக் கேட்காதவரோடு தொலைபேசியில் ஆட முடியாது. புறப்படுகிற அன்று, தபாலட்டையில் ஆடுவோம் என்றார் அண்ணை.

"அண்ணை, எனக்கு எழுத்துத் தெரியாதே."

"எனக்கும்தான் கோ தெரியாது. இவ்வளவு காலமும் விளையாடேல்லையே?"

"தங்கத்தைக் கொண்டு எழுதுவிக்கட்டே?"

"அப்ப அது தங்கச்சி வைச்ச காய். உம்மட கையால எழுதும்."

தங்கத்திடம் போய்ச் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கலியாணம் முடிச்ச நாளில இருந்து எனக்கொரு கடிதம் இல்லை. அந்த மனுசனுக்கு எழுதவோ படிக்கப் போறியள்?" பிறகு ஒரு நிபந்தனை வைத்தாள். முதலில் அவள் பெயரை எழுத வேண்டும். எழுதினேன். அதை இன்றும் அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறாள். இரண்டாவதாக எழுதியது, "நிலாவெளிக்கு உள்ளே மூன்று." அண்ணையின் பெயரில் வருகிற ஞாவுக்கு மட்டும் ஒரு கிழமை பிடித்தது.

பலகை எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்தது. நாங்கள் மடியில் சோற்றுக் கோப்பையை வைத்துச் சாப்பிட்டோம். அட்டை போகும், அட்டை வரும். இந்த ஆட்டத்தில் எனக்கு என்ன நடந்ததோ தெரியவில்லை, எழுதி எழுதி வைப்பதால் யோசித்து வைத்தேன். வாழ்நாளில் அண்ணையை நான் ஒருதரமும் வென்றதில்லை. இந்தமுறை, துறைமுகத்தில் ஒரே ஒரு காயில் ஆட்டம் தொங்கியது. அதைப் பிடித்து வைத்திருக்கிறவர் வெல்வார். நான் எடுத்தேன். அண்ணை வேறிடத்தில் ஒரு காய் வைத்தார், நான் அதற்குப் பதில் வைத்தேன். அண்ணையின் கடைசி அட்டை வந்தது: "துறைமுகத்தில் உமது காயை எடுத்துவிட்டேன். உடனே திருப்பி எடுக்க ஏலாது, தெரியும்தானே. வேறெங்காவது வையும்." அந்த வேறெங்காவதைத்தான் நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

அண்ணையை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். செத்த வீட்டு முற்றத்தில் கதிரைகள் போட்டிருந்தன. நானும் ஹனிபா நானாவும் உள்ளே போய்ப் பெட்டியருகில் நின்றோம். உடலைப் பதப்படுத்திய கொழும்பு மலர்ச்சாலையில் அண்ணைக்குப் பட்டு வேட்டி கட்டி, இரண்டு காலுக்கும் வெள்ளைக் காலுறை போட்டுவிட்டிருந்தார்கள்.

நானா என் காதுக்குள் சொன்னார்: "இடது காலையும் மூடிட்டாங்க. அண்ணை தோல்வி ஒத்துக்கிட்டார். வேலாயுதம், நீ வெண்டாச்சு."

இவ்வளவு காலம் ஆசைப்பட்ட வெற்றி, மலர்ச்சாலைக்காரன் கையால் வந்து நிற்கிறது. அதை எடுத்துக்கொண்டால் ஆட்டமும் முடிந்தது, அண்ணையும் முடிந்தார். நான் பரமேஸ்வரி அக்காவிடம் போய்க் குனிந்தேன். புளியங்கொட்டையையும் சிப்பியையும் வாழ்நாள் முழுக்கக் கூட்டி அள்ளிச் சலித்தவர் அவர். எப்படிச் சொல்வதென்று தெரியாமல், "அக்கா, அண்ணையின்ர இடது கால்..." என்றேன்.

அக்கா அழுகையை நிறுத்தினார். எட்டிப் பார்த்தார். எழுந்து போய், தன் கையாலேயே அந்தக் காலுறையை உருவி எடுத்து மடித்தார்.

"என்ர மனுசன் வேலாயுதத்திட்டத் தோற்கிற ஆள் இல்லை" என்றார்.

கிரியை செய்ய வந்த ஐயர் கால்களைப் பார்த்துவிட்டு, "ஏனம்மா ஒரு கால் மட்டும்?" என்று கேட்டார்.

"அது திருகோணமலைச் சட்டம், ஐயா" என்றார் அக்கா.

சுடலையில் நாங்கள், கோ ஆடுகிறவர்கள் எல்லோரும், இடது செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றோம். நல்ல வெயில். எல்லோருக்கும் ஒரு கால் மட்டும் சுட்டது. ஒருவரும் போட்டுக்கொள்ளவில்லை.

ஆகவே அண்ணை, ஆட்டம் முடியவில்லை. மூதூருக்கு வடக்கே என்று தொடங்கிய அட்டை பாதியிலேயே இருக்கட்டும். நான் வேறிடத்தில் வைக்கிற காய் இந்தக் கட்டுரைதான். என் வாழ்நாளில் வைத்த ஆகப்பெரிய காய் இது, பதில் வைக்காமல் உங்களால் இருக்க ஏலாது. ஒரு கிழமை பொறுக்கிறேன். யோசிக்க நீங்கள் எப்போதும் நேரம் எடுக்கிறவர்தானே. தங்கம் மேசையைத் துடைக்க மாட்டாள், கேட்டுவிட்டேன். அடுத்த கிழமை திரும்பவும் பேனையை எடுத்து, துறைமுகத்தில் என் காயைத் திருப்பி எடுத்துவிட்டேன் என்று உங்களுக்கு எழுதுவேன். கையெழுத்தும் அதற்குள் கொஞ்சம் நிமிர்ந்திருக்கும்.

போயிட்டு வாருங்கோ, அண்ணை. அதுவரைக்கும் அந்தச் செருப்பைப் போட்டிடாதேங்கோ.