லில்லியை வீட்டுக்கு அனுப்பிய மாமா

எங்கள் கார்த்திகேசன் மாமா கடலூர்–சிதம்பரம் பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்ந்தவர். டிக்கெட் விஷயத்தில் கறார். கதை சொல்வதில் மட்டும் மகா புளுகர். பார்த்துவிட்டு வந்த சினிமாவைப் பஸ்ஸிலேயே ஓட்டுவார். கேட்கிற பெண்களில் யாராவது முந்தானையால் கண்ணைத் துடைத்தால் போச்சு, செத்துப்போன கதாநாயகி ஆஸ்பத்திரியில் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்பாள். எதிரில் யாராவது அழுதால் மனுஷனுக்குக் கை கால் ஓடாது.

நான் எட்டாவது படிக்கும்போது வயசுக்கு வந்தேன். தாய்மாமன் முறைக்கு அவர்தான் எங்கள் ஊரான கிள்ளைக்கு வந்து, எங்கள் வீட்டுத் தோட்டத்தில் பச்சை ஓலைக் குடிசை கட்டினார். என்னை அதற்குள் உட்கார வைத்துவிட்டார்கள். டிவி கூடத்தில் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்தா 'நீலத்தீவு வீரர்கள்' கார்ட்டூனின் கடைசி பாகம் வர வேண்டும்! படகோட்டும் லில்லி புயலில் தப்பித்தாளா, இல்லையா? உளுந்தங்களி தொண்டையில் இறங்காமல் தவித்தேன். மாமா முழுசாகப் பார்த்துவிட்டு வந்து ஓலைக்கு வெளியே குந்தினார்.

"தப்பிச்சிட்டாடி கனிமொழி. நேரா வூட்டுக்குப் போயி அம்மாவ கட்டிப் புடிச்சிகிட்டா. துடுப்பத் தூக்கிப் பரண்ல போட்டுட்டா. அவ்ளோதான், சுபம்."

அடுத்த மாதமே என் படிப்பை நிறுத்தினார்கள். வயசுப் பெண் சிதம்பரத்துக்கு பஸ் ஏறிப் போய்ப் படிக்க வேண்டாம் என்றார் அப்பா. நான் ஒரு சொட்டு அழவில்லை. அவ்வளவு பெரிய லில்லியே வீட்டோடு இருந்துவிட்டாள், நாம் என்ன பெரிய இவளா என்று தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டேன். இன்றைக்கும் ஜாக்கெட்தான் தைக்கிறேன். சிதம்பரத்தில் காலேஜ் பிள்ளைகள் பஸ் விட்டு இறங்குவதைப் பார்த்தால் இப்போதும் வயிறு எரியும்.

போன வாரம் அந்தக் கடைசி பாகம் போனில் அகப்பட்டது. மாமாவோடு உட்கார்ந்துதான் பார்ப்பது என்று திருப்பாதிரிப்புலியூரில் அவர் வீட்டுக்குப் போனேன்.

"வேணாம்டி, எனக்குக் கண்ணு சரியா தெரியல" என்று நழுவப் பார்த்தார். விடுவேனா?

அய்யய்யோ, என்ன கண்றாவி அது! படகு எவ்வளவு தூரம் போனாலும் அதே தென்னைமரம் திரும்பத் திரும்ப வருகிறது. லில்லி கடலில் விழுந்து எழுகிறாள், தலைமுடி நனையவே இல்லை. கொள்ளைக்காரனின் வலது கண்ணில் இருந்த கட்டு திடீரென்று இடது கண்ணுக்குத் தாவிவிட்டது. புயலில் படகு பிளக்கப் பார்க்கிறது, அதில் இருக்கும் கிளியோ, "நண்பர்களே, அபாயம் நெருங்கிவிட்டது" என்று சாவகாசமாகச் செய்தி வாசிக்கிறது.

"இதுக்காடி களி துன்னாம கெடந்த?" என்று மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறியது.

புயல் ஓய்ந்தது. படகில் இருந்த பையன்கள் எல்லோரும் கரையில் இறங்கி வீட்டுக்கு ஓடினார்கள். லில்லி இறங்கவில்லை. அம்மா கரையில் நின்று கையசைக்க, பாயை விரித்துக்கொண்டு தன்னந்தனியாகக் கடலுக்குள் போய்விட்டாள்.

மாமா சிரிப்பதை நிறுத்தியிருந்தார்.

"அன்னிக்கி நீங்க பாத்தது இதானா மாமா?"

"இதான்."

"அப்புறம் ஏன் மாத்தி சொன்னீங்க?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அதுக்கு மொத நாளே உங்கப்பா எங்கிட்ட சொல்லிட்டாரு, இனிமே இஸ்கூலுக்கு அனுப்ப மாட்டேன்னு. அந்தப் பொண்ணு தனியா கடலுக்குப் போவுது, நீ சிதம்பரம் கூட போவ முடியாது. அத எப்புடிச் சொல்றது? கேட்டா நீ அழுவியேன்னுதான்டி..."

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைப் படக்கென்று அணைத்தேன்.

"அழுதிருப்பேன் மாமா. சோறு தண்ணி இல்லாம, கதவச் சாத்திகிட்டு, தெருவே கூடுற மாதிரி அழுதிருப்பேன். நான் அழுது அப்பா எதை இல்லைன்னு சொல்லியிருக்காரு?"