வெள்ளியைக் கழித்த எடை

என் அக்கா ராயம்மாள் கிராம சுகாதார செவிலியர். கம்பைநல்லூருக்கு அருகே ஒரு கிராமத்தில் பல வருடம் கைப்பிள்ளைகளை எடை போட்டாள், தடுப்பூசி போட்டாள், தாய்மார்களைத் திட்டினாள். போன வாரம் அவளைப் புதைத்தோம். வந்தவர்கள் எல்லோரும் "தங்கமான மனுஷி" என்றார்கள். தங்கமெல்லாம் இல்லை. வாய்த்துடுக்குக்காரி. அதனால்தான் குரு உயிரோடு இருக்கிறான்.

குரு, விவசாயி சென்றாயனின் மகன். அப்போது எட்டு மாதம். தொடைத் தோல் சுருங்கித் தொங்கியது. தராசு மட்டும் எடை சரி என்றது. இடுப்பிலும் காலிலும் அவ்வளவு வெள்ளி. குலதெய்வத்துக்கு முடி இறக்கும்வரை அதைக் கழற்றக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அக்கா கழற்றச் சொல்லவில்லை. முடி இறக்கி முடித்த வேறொரு பிள்ளையின் அதே அளவு அரைஞாணையும் தண்டையையும் வாங்கித் தனியே எடை போட்டுக் கழித்தாள்.

"பாருங்க, இவ்வளவும் வெள்ளி. வெள்ளிக்கா பால் குடுக்கறீங்க?"

கூடியிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். சென்றாயனுக்கு முகம் சிவந்தது.

"எம் புள்ளைய ஊரு முன்னால நோஞ்சான்ங்கிறியா? சாமி நகையில கணக்குப் பாக்க நீ யாரு?"

"நோஞ்சான்தாங்க. மொதல்ல தருமபுரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. அப்புறமா வந்து என்னையத் திட்டுங்க."

அவன் போகவில்லை. சாமியை அவமதித்தாள் என்று மனுப் போட்டான். விசாரிக்கக்கூட யாரும் வரவில்லை. மலைமேல் ஓர் ஊருக்கு அவளை மாற்றினார்கள். கிளம்பும் நாளில் அக்கா அவன் வீட்டு வாசலில் நின்று, தெருவே கேட்கக் கத்தினாள்.

"நிர்மலா, பெத்தவ நீதானே? உம் புருஷன் வரலைன்னா நீ தூக்கிட்டு வா. நான் பஸ்ல உக்காந்திருக்கேன்."

நிர்மலா வந்தாள், செருப்புகூடப் போடாமல். ஆஸ்பத்திரியில் பிள்ளை தேறினான்.

மாற்றலை மட்டும் யாரும் திருப்பவில்லை. அந்த மலைப்பாதை வளைவில்தான் அக்காவின் வண்டியை லாரி இடித்தது.

கல்லறைத் தோட்டத்தில், மண் ஈரம் காய்வதற்குள், சென்றாயன் என்னிடம் வந்தான்.

"சார், உங்கக்கா மாத்தலாகிப் போனதுல இருந்து எங்கூருக்கு நர்ஸே இல்லீங்க. நீங்க படிச்சவரு, நாலு பேரைத் தெரியும். சொல்லி யாரையாவது போடச் சொல்லுங்க."

முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் நகர்ந்துவிட்டேன். ஆனால் சொல்லத்தான் போகிறேன், அவனுக்காக இல்லை. இந்தப் புதன்கிழமையும் பெண்கள் தடுப்பூசிக்குக் கைப்பிள்ளைகளோடு வந்து, சுகாதார நிலையத்துப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள்.